கலையா, அறிவியலா?

ஆண்டுதோறும் பொதுத்தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் வீடுதோறும் ஒரு வினா எழுகின்றது. ‘கலைப் பாடமா, அறிவியற் பாடமா?’ என்பதே அவ்வினா. வினா எளியதுதான், ஆயினும் அதனுள்ளே ஒரு தராசு ஒளிந்திருக்கின்றது. மிகுந்த மதிப்பெண் பெற்றவன் அறிவியலுக்கு உரியவன் என்றும், குறைந்த மதிப்பெண் பெற்றவன் கலைக்கு உரியவன் என்றும் நம்மவர் எடைபோட்டு விடுகின்றனர். பல்லாண்டுகள் பள்ளியிற் பணியாற்றிய நானும் அத்தராசைக் கையில் ஏந்தியவனே. அது பிழைபட்ட தராசு என்பதை நான் உணர்ந்த வகையைப் பின்னர்க் கூறுகின்றேன். முதற்கண், பல்கலைக்கழகம் என்னும் சொல்லையே சிறிது ஆராய்வோம்.

என் ஆசிரியர்கள் அதனைச் ‘சர்வகலாசாலை’ என்று வழங்கினார்கள். எல்லாக் கலைகளும் பயிலும் சாலை என்பது அதன் பொருள். இன்று நாம் ‘பல்கலைக்கழகம்’ என்கின்றோம். இரு சொற்களிலும் ‘கலை’ என்பதே நடுநாயகமாக நிற்கின்றது. அறிவியலை விடுத்தா இப்பெயரை இட்டனர்? இல்லை. நம் முன்னோர் அறுபத்துநான்கு என்று எண்ணிய கலைகளுள் இலக்கணமும் இசையும் உண்டு. கணிதமும் மருத்துவமும் உண்டு. மேனாட்டாரும் இடைக்காலத்தில் ஏழு கலைகளை வகுத்துக் கற்பித்தனர். இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்பன மூன்று. எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானநூல் என்பன நான்கு. ஆக, கணக்கும் வானநூலும் அங்கும் கலைகளாகவே கருதப்பட்டன.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் முறையைத் தழுவி அமைந்தமையால், தொடக்கத்தில் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே விளங்கிற்று. பாடம் சொல்லுதல் கல்லூரிகளின் பணியாக இருந்தது. அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. அவர் பட்டத்தோடு கல்வியை முடித்துக்கொள்ளவில்லை. ஏட்டுச் சுவடிகளைத் தேடியெடுத்து ஆராய்ந்து, 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார்.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கும். இயற்பியலுக்கு 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1904-இல் பெற்ற பட்டம் பி.எஸ்ஸி. அன்று, பி.ஏ. பட்டமேயாகும். 1907-இல் அவர் பெற்ற உயர்பட்டமும் எம்.ஏ. பட்டமே. அக்காலத்தில் இயற்பியலும் ‘கலை’ப் பட்டத்திற்குரிய பாடமாகவே இருந்தது. அறிவியல் விரிய விரிய, அதற்கெனத் தனிப் பட்டம் வேண்டியதாயிற்று. குடும்பம் பெருகியபின் தம்பி தனிக்குடித்தனம் செல்வதில்லையா? அதனால் அண்ணன் தாழ்ந்தவன் ஆகிவிடுவதில்லை. தம்பி வேற்றாளும் ஆகிவிடுவதில்லை.

இனி, இன்றைய பட்டப் படிப்பின் அமைப்பைக் காண்போம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ., பி.எஸ்ஸி. ஆகிய இளநிலைப் படிப்புகள் மூன்றாண்டுக் காலத்தன. ஆண்டுக்கு இரண்டாக ஆறு பருவங்கள். பாடங்கள் ஐந்து பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. முதற் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியே மாணவர் தேர்ந்துகொண்ட முதன்மைப் பாடமும், அதற்குத் துணை நிற்கும் சார்புப் பாடங்களும். நான்காம் பகுதியில் சுற்றுச்சூழற் கல்வி, விழுமியக் கல்வி, திறன் வளர்க்கும் பாடங்கள் முதலியன அடங்கும். ஐந்தாம் பகுதி, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு போன்ற புறச்செயல்கள்.

இவ்வமைப்பைச் சற்றே உற்று நோக்குங்கள். வேதியியல் பயில்பவரும் முதற் பகுதியில் இலக்கியம் கற்கின்றார். கணிதம் பயில்பவர் இயற்பியலையோ புள்ளியியலையோ சார்புப் பாடமாகக் கொள்கின்றார். வரலாறு பயில்பவர் அரசியலையோ பொருளியலையோ துணைக்கொள்கின்றார். நான்காம் பகுதியில், தம் துறைக்குப் புறம்பான பாடம் ஒன்றைப் பயிலும் வாய்ப்பும் பலருக்கு உண்டு. தனித்தனி வீடுகளாயினும் இடையே வாயில் வைத்தே கட்டியிருக்கின்றனர். அவ்வாயிலைப் பூட்டி வைத்திருப்பவர் நாமே!

கலைப் பட்டத்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பர். அவர்தம் கவலை நியாயமானது. அதனை நகையாடுதல் தகாது. ஆனால் உண்மை இது: இந்திய ஆட்சிப் பணிக்கான குடிமைப் பணித் தேர்வை எழுதக் கல்வித் தகுதியாக வேண்டப்படுவது ஏதேனும் ஒரு பட்டமே. மூன்றாண்டுச் சட்டப் படிப்பின் கதவும் இரு பிரிவினருக்கும் திறந்தேயிருக்கின்றது. அறிவியற் பட்டம் பெற்ற மாத்திரத்தில் வேலை வீடுதேடி வருவதுமில்லை. எத்துறையாயினும் ஆழக் கற்றவருக்கே வழி திறக்கின்றது. விருப்பமின்றி ஆழக் கற்றல் எவர்க்கும் அரிது.

இரு துறைகளும் ஒன்றையொன்று வேண்டி நிற்பதற்குக் கீழடியே சான்று. அங்கு அகழ்ந்தெடுத்த கரிமப் பொருள் ஒன்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்னும் கணிப்பைத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. இக்கணிப்பு எவ்வாறு இயன்றது? உயிருள்ளவற்றில் கரிமம்-14 என்னும் கதிரியக்க அணு சிறிதளவு கலந்திருக்கும். உயிர் நீங்கியபின் அது புதிதாகச் சேர்வதில்லை. ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். எஞ்சியதை அளந்தால் காலம் புலப்படும். இம்முறையைக் கண்டறிந்த வில்லார்டு லிப்பி 1960-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். சரி, காலம் தெரிந்துவிட்டது. அதே மண்ணிற் கிடைத்த பானை ஓட்டில் கீறியுள்ள தமிழ் பிராமி எழுத்தைப் படித்துச் சொல்பவர் யார்? அது யாருடைய பெயர், எவ்வகை மக்கள் அங்கு வாழ்ந்தனர் என்று ஆராய்பவர் யார்? அணுவை அளப்பவர் எழுத்தறிந்தவரை நாடவேண்டும். எழுத்தறிந்தவர் அணுவை அளப்பவரை நாடவேண்டும்.

இனி, என் பிழையைக் கூறுகின்றேன். என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் கணிதத்தில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றான். ஆனால் அவன் உள்ளமெல்லாம் ஊர்க்கோயிலின் மதிற் கல்வெட்டுகளிலேயே இருந்தது. அவ்வெழுத்துகளை ஒரு குறிப்பேட்டில் வரைந்து கொணர்ந்து எனக்குக் காட்டுவான். பதினொன்றாம் வகுப்புக்கான விண்ணப்பத்தில் வரலாற்றுப் பிரிவை எழுதியிருந்தான். “இத்தனை மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு வரலாறா?” என்று கடிந்து, என் பேனாவாலேயே அதனை அடித்து, அறிவியற் பிரிவை எழுதினேன். அவன் மறுத்துப் பேசவில்லை. மூன்றாண்டு அறிவியற் பட்டத்தை ஐந்தாண்டுகளில் முடித்தான். பின்னர் ஒரு வேலையில் அமர்ந்து, முப்பது வயதுக்குமேல் அஞ்சல்வழியில் வரலாற்றில் எம்.ஏ. பட்டம் பெற்றான். அச்சான்றிதழுடன் என்னை வணங்க வந்தபோது, “ஐயா, தாங்கள் என் நன்மையைத்தான் கருதினீர்கள், ஆனால் என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம்” என்றான். அவன் குரலில் சினமில்லை. அதனாலேயே அச்சொல் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

வேதியியலில் வேட்கை கொண்ட பெண்ணிடம், “உனக்கு எளிய பாடம் போதும்” என்று கூறுவதும் இதே பிழையின் மறுபுறம்.

ஆதலின், மாணவ நண்பர்களே, முடிவு செய்யுமுன் மூன்றினைச் செய்யுங்கள். எவரும் ஏவாமலே நீங்கள் எடுத்துப் படிக்கும் நூல் எத்துறையினது என்று பாருங்கள். சேரவிருக்கும் படிப்பின் பாடத்திட்டத்தை வாங்கி முழுதும் படியுங்கள். பெயரைக் கண்டு மயங்காதீர்கள். மூன்றாவதாக, எந்தக் கதவு பின்னர் மூடிக்கொள்ளும் என்று கேட்டறியுங்கள். மேனிலைப் பள்ளியில் அறிவியல் பயின்றவர் பி.ஏ. வகுப்பில் எளிதாகச் சேரலாம். வரலாற்றுப் பிரிவில் பயின்றவர் பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்தல் இயலாது. இரண்டிலும் நாட்டமுடையோர் இதனை மறவாதிருத்தல் நலம்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரே வேண்டுகோள். விண்ணப்பத்தை நிரப்பும்போது பேனா பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். நாம் அருகில் அமர்ந்து, அறிந்தவற்றை எடுத்துரைப்போம். அதுவே நம் கடமை.