ஒரு ஸ்பூனுக்கு 5 வருட ஜெயில்!

1986 ஜூன். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லென் பயஸ், 22 வயதில் கோகைனால் இறந்துபோனார். நாடே அதிர, அவசர அவசரமாக ஒரு சட்டம் வந்தது.

விற்பனைக்காக 500 கிராம் கோகைன் பவுடர் வைத்திருந்தால் குறைந்தது 5 வருட ஜெயில். அதே கோகைனில் தயாராகி ஏழைகள் தெருக்களில் மலிவாக விற்கப்படும் ‘கிராக்’ என்றால், 5 கிராமுக்கே 5 வருடம்! ஒரு டீஸ்பூன் சர்க்கரையின் எடைதான் அது. இத்தனைக்கும் பயஸ் எடுத்துக்கொண்டது பவுடர்.

மத்திய அரசின் கிராக் வழக்குகளில் சிக்கியவர்களில் 10-ல் 8 பேர் கறுப்பினத்தவர். அப்பாவோ அம்மாவோ உள்ளே. பிள்ளைகள் பாட்டி வீட்டில். விடுதலையானாலும் வேலையோ, வாடகை வீடோ எளிதில் கிடைக்காது.

2010-ல் அந்த 5 கிராம், 28 கிராம் ஆனது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்றானது 2018-ல்தான். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்தே விட்டார்கள்.