உஷார்! இரவு 12 மணிக்குப் பிறகுதான் ஆட்டமே தொடங்குது

உடுப்பிட்டி, வல்வெட்டித்துறை, நெல்லியடிப் பக்கத்து அம்மாமாருக்கு ஓர் அவசரச் சொல். வீட்டில் ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பெடியன் இருந்தால், இன்றிரவு 1 மணிக்கு அலாரம் வைத்து ஒருக்கால் எழும்புங்கள். லைற்றைப் போட வேண்டாம். அவனுடைய அறைக் கதவுக்குக் கீழால் வெளிச்சம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால், அது பாடப் புத்தகத்தின் வெளிச்சமாக இராது.

நான் விடிய 6 மணிக்குக் கணக்கு ரியூசன் எடுக்கிறவன். அந்த நேரத்தில் பிள்ளைகள் தூங்கி விழுவது எனக்குப் புதினமில்லை. கடந்த மாரியில் ஒருவன் மேசையில் தலையை வைத்து அயர்ந்துவிட்டான். எழுப்பப் போனவன் அவனுடைய கைகளைப் பார்த்து நின்றுவிட்டேன். இடது பெருவிரல் மேசையில் வட்டம் போட்டபடி இருக்கிறது. வலது பெருவிரல் விட்டு விட்டுத் தட்டுகிறது. எனக்கு விளங்கவில்லை. பின்வாங்கில் இருந்தவன்தான் சொன்னான்: "சேர், அவன் நித்திரையிலயும் பப்ஜி அடிக்கிறான்." இடது விரல் ஓடுவதற்காம், வலது விரல் சுடுவதற்காம். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னேரம் அவனுடைய தாயிடம் போனேன். "இரவிரவாப் படிக்கிறான் சேர், பாஸ்ட் பேப்பர் எல்லாம் போனிலதானே பாக்கிறவன்" என்றா. அவ பொய் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடியபோது பாடம் சூமில் வந்தது, நோட்ஸ் வாட்ஸ்அப்பில் வந்தது. பாடப் புத்தகமாக வீட்டுக்குள் வந்த போனை யாரும் திருப்பி வாங்கவில்லை. தகப்பன் கட்டாரில். இப்போது கையில் இருக்கிற போன் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மாமா வாங்கி அனுப்பியது.

ஏன் நடுச்சாமம்? இரண்டு காரணம். பல வீட்டு இணைப்புகளில் நள்ளிரவுக்குப் பிறகு தனியாக இரவு நேர டேட்டா தருகிறார்கள். பகலில் அளந்து செலவழிக்கிற பிள்ளைக்கு அப்போதுதான் கை தாராளம். மற்றது, வெளிநாட்டு மச்சான்மார். கோடையில் லண்டனில் இரவு 8 மணி என்றால் இங்கே 12.30. ஸ்காபரோவில் பின்னேரம் 7 மணி என்றால் இங்கே விடிய 4.30. லண்டன் மச்சான் சாப்பிட்டுவிட்டு ஒன்லைனுக்கு வருகிறான். அவன் படுக்கப் போய்க் கொஞ்ச நேரத்தில் கனடா மச்சான் பள்ளிக்கூடம் முடிந்து, உடுப்பு மாற்றி வந்து நிற்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் எங்கள் பிள்ளை தொடர்ந்து விழித்திருக்கிறான். அவர்கள் தங்கள் நித்திரையைக் கொள்கிறார்கள். இவனுக்கு 6 மணிக்கு ரியூசன், 7.30க்குப் பள்ளிக்கூடம்.

இரவில் விழித்திருப்பது எங்களுக்கும் புதிதில்லை. தைப்பொங்கலை அண்டி இராக்கொடியாகப் பட்டம் ஏற்றிவிட்டு, விண் கூவுகிற சத்தத்தில் படுக்க மனமில்லாமல் முற்றத்தில் கிடந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் காற்று விழும், நூலைச் சுற்றி வைத்துவிடுவோம். பப்ஜியிலும் சீசன் உண்டு. அது முடிந்ததும் பிள்ளை ஏறிய தரத்தை இறக்கிவிட்டு அடுத்த சீசனைத் திறக்கிறார்கள். திரும்பவும் ஏற வேண்டும்.

பப்ஜி 2018இல் போனுக்கு வந்த விளையாட்டு. ஒரு தீவில் 100 பேரை இறக்கிவிட்டு, கடைசியாக மிஞ்சுகிறவரை வென்றவர் என்கிறது. அதே வகை விளையாட்டான ஃப்ரீ ஃபயரில் 50 பேர், ஒரு ஆட்டம் பத்து நிமிடம் வரைதான். "பத்து நிமிசந்தானே அம்மா" என்று கேட்கிற பிள்ளை அங்கேதான் மாட்டுகிறான். இன்னொரு சூட்சுமம்: புதிதாக வருகிறவனுக்கு முதல் ஆட்டங்களில் எதிரே நிற்பவர்களில் பலர் மனிதரே இல்லை, கணினி பொம்மைகள். சுட்டால் விழும். கணக்கில் 30 வாங்குகிறவன் முதல் நாளே வென்றுவிடுகிறான். பிறகு யார்தான் கணக்குப் படிப்பான்?

இதிலும் மோசமானது நாலு பேர் சேர்கிற ஸ்குவாட். தனி ஆட்டமென்றால் "போதும்" என்று வைத்துவிடலாம். இங்கே இவன் இடையில் விட்டால் மற்ற மூன்று பேரும் தோற்கக்கூடும். நாங்கள் "சாப்பிட வா" என்று கூப்பிடுகிறபோது அவன் காதுக்குள் மூன்று பேர் "விட்டிட்டுப் போகாதை மச்சான்" என்று கத்துகிறார்கள். அவர்களில் ஒருவன் யார், எந்த ஊர், எத்தனை வயது என்பது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

"வெளியில விட்டா ஐஸ் போதை, வாள்வெட்டு. வீட்டுக்குள்ள போனோட கிடக்கட்டும்" என்று எத்தனை பெற்றோர் என்னிடம் சொல்லிவிட்டார்கள்! அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படலையைப் பூட்டிவிட்டு, ஊர் தெரியாதவர்களை அறைக்குள் விட்டிருக்கிறோம்.

காசு விஷயத்திலும் கவனம். ஆட்டத்துக்குள் டயமண்ட், யூசி, ஸ்கின் என்று விற்பது எல்லாம் உண்மைக் காசுக்குத்தான். வங்கி அட்டையின் இலக்கத்தைப் பிள்ளையின் போனில் பதிந்து வைத்திருந்தால் இன்றைக்கே அழியுங்கள். ஃபோர்ட்நைட் என்ற இன்னொரு விளையாட்டை நடத்துகிற எபிக் கேம்ஸ், 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 52 கோடி டொலருக்கு இணங்கிப் போனது. அதில் 24.5 கோடி, விரும்பாத கொள்வனவுகளுக்குள் ஆட்களைத் தள்ளிவிட்டதற்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். அங்கேயே அப்படியென்றால் எங்கள் பெடியன் எம்மாத்திரம்.

அரசாங்கம் தடுக்கட்டும் என்று காத்திராதீர்கள். 2020 செப்டம்பரில் இந்தியா பப்ஜி மொபைலைத் தடை செய்தது, அதுவும் நாட்டுப் பாதுகாப்பைச் சொல்லி. அடுத்த வருடமே வேறு பெயரில் திரும்பி வந்தது. 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆடக்கூடாது என்று 2011இல் தென்கொரியா சட்டம் போட்டது. பிள்ளைகள் கணினியை விட்டுப் போனுக்கு மாறினார்கள், சட்டத்தைப் பிறகு கைவிட்டார்கள்.

விளையாடுகிற பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக்கு அடிமையாவதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது 2019இல், அது நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டம் முன்னுக்கு நிற்பது, கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது. இவை 12 மாதம் அளவில் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால்தான் அந்தப் பெயர். அந்த 12 மாதம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பதா?

ஆனால் நடு ஆட்டத்தில் போனைப் பறிக்காதீர்கள். பல வீடுகளில் அடிதடியும் உடைப்பும் அந்த நொடியில்தான் தொடங்குகின்றன. அரை மணி முந்திச் சொல்லுங்கள், "இந்த மட்ச்தான் கடைசி" என்று. முடிந்ததும் எல்லார் போனும் அம்மாவின் அறையில் சார்ஜில் கிடக்கட்டும், அம்மாவின் போனும் சேர்த்து. றூட்டரை 11.30க்கு நிறுத்துங்கள். மச்சானோடு விளையாடத்தான் வேண்டுமென்றால் சனிக்கிழமை பின்னேரம் 6.30 இருக்கிறது. கோடையில் லண்டனில் அப்போது பிற்பகல் 2 மணி, ஸ்காபரோவில் காலை 9. "சாகப் போறன்" என்று பிள்ளை சொன்னால் நடிப்பென்று தள்ளாதீர்கள். உடனே மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள்.

நான் போய்ப் பார்த்த அந்தத் தாயும் றூட்டரை நிறுத்தினா, போனையும் வாங்கி வைத்தா. முதல் இரவு பெடியன் கத்திவிட்டுப் படுத்துவிட்டானாம். விடிய 4.30க்குத் தாயின் போன் அடித்தது. தகப்பனுக்கு ஏதுமோ என்று பதறி எடுத்திருக்கிறா. ஸ்காபரோவில் இருந்து மருமகன்.

"மாமி, அவனை ஒருக்கா எழுப்பிவிடுங்கோ. ஸ்குவாட்டுக்கு ஒராள் குறையுது."