விலை உயர்ந்த மண்ணில் விலை குறைந்த சோறு

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்தில் பகல் பன்னிரண்டு அடிப்பதற்குள் மின்தூக்கிகள் நிரம்பிவிடும். வங்கி, காப்பீடு, சட்டம் என்று எந்த அலுவலகமானாலும் எல்லாருக்கும் சாப்பாட்டுக்கு அந்த ஒரு மணி நேரம்தான். உணவங்காடிக்கு முந்தி வந்தவர் மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்பார். அந்த இருக்கையில் பிறகு யாரும் உட்கார மாட்டார்கள்.

நாட்டிலேயே நிலத்தின் விலை உச்சத்தில் இருக்கும் இடங்களில் இது ஒன்று. இங்கே நான்கைந்து வெள்ளிக்கு வயிறாரச் சாப்பிட முடிகிறது என்றால், சந்தை தானாக அப்படி இரங்கிவிடவில்லை. அரசு திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு அது. 1968-69ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18,000 தெருவோரக் கடைக்காரர்கள் பதிவானார்கள். அவர்களை விரட்டுவதற்குப் பதிலாக, 1971 முதல் 1986 வரை குழாய்த்தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களைக் கட்டிக் குடியமர்த்தினார்கள். தெருவிலிருந்து வந்த அந்தத் தலைமுறைக்கு வாடகையும் மலிவு.

இந்த ஏற்பாட்டை இன்று நேரில் பார்க்க மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் போக வேண்டும். அங்கே 280 மீட்டர் உயரத்தில், 51 மாடிகளோடு கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம் நிற்கிறது. மேலே உலக நிறுவனங்களின் அலுவலகங்கள். இரண்டாம், மூன்றாம் தளங்களில் உணவங்காடி நிலையம். கோழிச் சோறு, மீன் சூப், கறிச் சோறு, கோப்பி. முன்பு அதே இடத்தில் இருந்த கோல்டன் ஷூ வாகன நிறுத்தக் கட்டடத்திலும் உணவுக்கடைகள் இருந்தன. 2017இல் அதை மூடியபோது, புதிய கட்டடம் எழும்வரை கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே தற்காலிக இடம் தரப்பட்டது. கோபுரம் எழுந்ததும் அதற்குள் உணவங்காடிக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. பழைய கடைகளை அகற்றியதோடு கையைத் துடைத்துக்கொள்ளும் நகரங்களே அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழர்களுக்கு அந்தத் தெரு இன்னும் நெருக்கமானது. நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த தெரு அது. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியடி போட்டு வட்டிக்கடை நடத்தியவர்கள், அங்கேயே படுத்து, சமையற்காரர் பொதுவில் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டார்கள். நகரச் சீரமைப்பில் கிட்டங்கிகள் இடிபட்டன. சற்றுத் தள்ளித் தெலுக் ஆயர் தெருவில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவும் அல்-அப்ரார் பள்ளிவாசலும் இன்றும் இருக்கின்றன. வேலை தேடி வந்தவர்கள் கூடி உண்ணும் பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

மாலையில் வேறு ஒரு கூட்டம். 1894இல் வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்க எண்கோண வடிவில் எழுந்த பழைய தெலுக் ஆயர் சந்தைதான் இன்றைய லாவ் பா சாட். இருட்டியதும் அதன் பக்கத்துப் பூன் டாட் ஸ்ட்ரீட்டில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மேசை போடுகிறார்கள். சாத்தே வாட்டும் கரிப்புகை வாசம் பக்கத்துத் தெருவரை வரும். சுற்றுலாப் பயணிகளுக்கு அது பிடிக்கும். எனக்கு நண்பகல் வரிசையே பிடிக்கும். அதில் மேலாளரும் கட்டடத்தைத் துடைக்கும் அம்மாவும் அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் கரண்டி பிடிக்கும் கைகளுக்கு வயதாகிவிட்டது. உணவங்காடிக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அறுபதைத் தொட்டவர்கள். விடிவதற்கு முன் எழுந்து, நாள் முழுதும் அடுப்படி அனலில் நின்று, சில்லறை லாபம் பார்க்கும் தொழிலுக்குப் படித்த பிள்ளை வரத் தயங்குவதைக் குறை சொல்ல முடியாது.

அதே வட்டாரத்தில் குளிரூட்டிய கஃபேக்களில் ஒரு குவளை காப்பிக்கு ஆறு வெள்ளியை முகம் சுளிக்காமல் கொடுக்கிறோம். கோழிச் சோறு ஐம்பது காசு ஏறினால் மட்டும் புலம்புகிறோம். இது நியாயமில்லை. குறைந்த வருமானக்காரருக்கு மலிவான தட்டு கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கான செலவை அரசு ஏற்கட்டும். கொடுக்க வசதியுள்ள நாம், அடுத்த முறை கடைப்பலகையில் விலை கூடியிருப்பதைப் பார்த்தால், பேரம் பேசாமல் கொடுத்துச் சாப்பிடுவோம்.