பாட்டியின் பெயர் என்ன?

திருத்தணி மலையடிவாரத்தில் உபாத்தியாயராக வேலை பார்க்கும் நான், ஒரு சுதந்திர தினத்துக்கு முந்திய வாரம், ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தேன். தகப்பனார் வழியிலும் தாயார் வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதி வரவேண்டும். அவர்களில் எவரேனும் தேசத்துக்காக ஏதாவது செய்திருந்தால் அதையும் ஒரு வரி குறிக்கவேண்டும். இவ்வளவுதான்.

மறுநாள் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தேன். தகப்பனாரின் பாட்டனார் பெயர் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாயாரின் பாட்டி பெயரை எழுதியவர்கள் நாலைந்து பேர்தான். ஒரு பெண் மட்டும் அந்தக் கட்டத்தில், “பெயர் தெரியாது. ராட்டையில் நூல் நூற்பார்களாம்” என்று எழுதியிருந்தாள்.

அந்த ஒரு வரி என்னைச் சும்மா விடவில்லை. ராட்டை நினைவிருக்கிறது, அதைச் சுற்றிய கைக்குடையவளின் பெயர் மறைந்துவிட்டது! அப்போதுதான் அமெரிக்க மாதர் சங்கம் ஒன்றைப் பற்றி நான் வாசித்திருந்தது ஞாபகத்துக்கு வந்தது. அதன் சரித்திரத்தில் நாம் கற்கவேண்டியதும் உண்டு, தவிர்க்கவேண்டியதும் உண்டு. ஆகையால் நேயர்களுக்கு அதைச் சற்று விவரமாகச் சொல்கிறேன்.

அச்சங்கத்தின் பெயர் “அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்” என்பது. 1776இல் பிரிட்டிஷ் ஆட்சியை உதறிச் சுதந்திரம் பிரகடனம் செய்த அமெரிக்கர்கள், பல ஆண்டுகள் போராடி அதை நிலைநாட்டினார்கள். அப்போராட்டத்தில் பங்கு கொண்டவர்களின் நேர் சந்ததியார் 1889இல் ஒரு சங்கம் கண்டார்கள். மறு வருஷமே, “இதில் பெண்களுக்கு இடமில்லை” என்று அந்தப் புருஷர்கள் தீர்மானித்துவிட்டார்கள். மேரி ஸ்மித் லாக்வுட் என்ற எழுத்தாளருக்கு இது பொறுக்கவில்லை. 1890 ஜூலை மாதம் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையில் அவர் ஒரு கடிதம் வெளியிட்டார். ஹன்னா ஆர்னெட் என்ற குடும்ப ஸ்திரீயின் கதையை அதில் சொன்னார். புரட்சி தோற்றுவிடும் என்று அஞ்சி, ஆங்கிலேயரின் மன்னிப்பை ஏற்கப் புருஷர்கள் கூடி யோசித்த வேளையில், அந்த அம்மாள் அவர்கள் நடுவே சென்று இடித்துரைத்து, அவர்கள் மனத்தை மாற்றினாளாம். “இத்தகைய பெண்களின் வம்சத்துக்குச் சங்கத்தில் இடமில்லையா?” என்பதே லாக்வுட் கேள்வியின் சாரம்.

அக்கேள்விக்குப் பலன் கிடைத்தது. லாக்வுட், மேரி டெஷா, எல்லன் ஹார்டின் வால்வொர்த், யூஜினியா வாஷிங்டன் ஆகிய நால்வரும் முன்னின்று நடத்த, 1890 அக்டோபர் 11ஆம் தேதி வாஷிங்டன் நகரில் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் உதயமாயிற்று. ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிஸனின் மனைவி கரோலின் ஹாரிஸன் முதல் தலைவியானார். இன்று அதில் 1,80,000க்கும் அதிகமான அங்கத்தினர்கள் இருக்கிறார்கள்.

அங்கத்தினராவதற்கான விதிகளைக் கவனியுங்கள். பதினெட்டு வயது நிரம்பியிருக்கவேண்டும். புரட்சிக்கு உதவிய ஒருவரின் நேர் வாரிசு என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சாட்சியத்துடன் நிரூபிக்கவேண்டும். வாரிசுரிமை தாய்வழியாக வந்தாலும் செல்லும், தந்தைவழியாக வந்தாலும் செல்லும். மூதாதை துப்பாக்கி ஏந்திப் போர் புரிந்திருக்கவேண்டும் என்பதும் இல்லை. படைக்குத் தானியமோ மாடோ கொடுத்ததற்கு ஒரு ரசீது இருந்தாலும் போதும்; அதுவும் தேசத் தொண்டாகக் கொள்ளப்படும். ஞானஸ்நானப் பதிவுகள், உயில்கள், கல்லறை வாசகங்கள் ஆகியவற்றைத் தேடித் தேடிச் சேர்த்ததன் பலனாக, வம்ச வரலாற்றுக்கென்று ஒரு பெரிய நூல் நிலையமே அவர்கள் கையில் வளர்ந்தது.

வெறும் பழம்பெருமை பேசுவதோடு அவர்கள் நிற்கவும் இல்லை. 1898இல் ஸ்பெயினுடன் யுத்தம் மூண்டபோது, டாக்டர் அனிடா நியூகோம் மக்கீ தலைமையில் தாதிமார்களைப் பரிசீலித்து ராணுவத்துக்குத் தேர்ந்தனுப்பியது இச்சங்கமே. 1901இல் அமெரிக்க ராணுவத்தில் நிரந்தரத் தாதியர் படை ஏற்பட அது வழி வகுத்தது. தெற்கு கரோலினாவில் டமாஸீ என்ற மலைநாட்டுக் கிராமத்தில், ஏழைக் குழந்தைகளுக்காக 1919இல் ஒரு பள்ளியைத் திறந்தார்கள். புதிதாகக் குடியேறியவர்களுக்கு நாட்டின் சட்டதிட்டங்களை விளக்கும் கைப்புத்தகத்தைப் பல பாஷைகளில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார்கள்.

இத்தனை நற்பணிகளுக்கும் நடுவில் பெரிய களங்கம் ஒன்றும் உண்டு. வாசலில் தடுக்கப்பட்டவர்கள் தொடங்கிய சங்கம், பிறரை வாசலில் தடுக்கத் தலைப்பட்டது. 1939இல் உலகப் புகழ் பெற்ற பாடகி மரியன் ஆண்டர்ஸனின் கச்சேரிக்கு, வாஷிங்டனில் தங்களுக்குச் சொந்தமான மண்டபத்தைக் கொடுக்க மறுத்தார்கள். காரணம், அவர் கறுப்பு இனத்தவர் என்பதே. ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் உடனே தம் அங்கத்தினர் பதவியை ராஜீனாமாச் செய்தார். அவ்வருஷம் ஏப்ரல் 9ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளில் நின்று ஆண்டர்ஸன் பாடினார். திறந்த வெளியில் சுமார் 75,000 பேர் கூடிக் கேட்டார்கள். அந்த அம்மையார் 1957இல் நம் நாட்டுக்கும் வந்து பாடிச் சென்றார்.

1770இல் பாஸ்டன் நகரத் தெருவில் ஆங்கிலேயர் குண்டுக்கு முதலில் பலியானவர்களில் ஒருவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க வம்சத்தவர் என்பதை எண்ணும்போது, அந்தத் தடையின் அநியாயம் நன்கு புலனாகும். ஆயினும், தம்மைக் கறுப்பினத்தவர் என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண்மணி அங்கத்தினராவதற்கு 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெட்ராயிட் நகரத்துக் காரென் பாட்செலர் ஃபார்மர் என்பவர் அவர். லீனா சான்டோஸ் ஃபெர்குஸன் என்ற மற்றொரு பெண்மணி நியாயம் கேட்டுப் போராடியதன் விளைவாக, 1984இல் சங்கத்தின் விதிகள் திருத்தப்பட்டன. புரட்சியில் ஈடுபட்ட கறுப்பினத்தவரைப் பற்றி ஆராயவும் சங்கம் ஒப்புக்கொண்டது. 2008இல் வெளியான “மறக்கப்பட்ட தேசபக்தர்கள்” என்ற பெரிய நூலில், ஆப்பிரிக்க வம்சத்தவரும் பூர்வ குடிகளுமாக 6,600க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இடம் பெற்றன. எந்த ஆதாரங்களைக் காட்டி வாசலை அடைத்தார்களோ, அந்த ஆதாரங்களை நேர்மையாகத் தேடியபோது வாசல் தானே திறந்தது.

நம் நாட்டில் இத்தகைய சங்கம் வேண்டுமா என்று கேட்பீர்கள். வம்சப் பெருமை என்றால் அது ஜாதிப் பெருமையாகத் திரும்பிவிடும் நாடு இது. நல்ல வேளையாக, நம் முன்னோடிப் பெண்மணிகள் அந்த வழியில் செல்லவில்லை. 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம் எவருடைய கொள்ளுப்பாட்டனையும் விசாரிக்கவில்லை. எனவே வம்சத்தைக் கேட்டு அங்கத்தினர் சேர்க்கும் சங்கம் நமக்கு வேண்டாம். ஆனால் பெயர்களைத் தேடும் அந்த உழைப்பு நமக்கு அவசியம் வேண்டும்.

ஏனெனில், நம் பெண்களின் தேசத் தொண்டில் ஏட்டில் ஏறியது கொஞ்சம். 1927இல் சென்னை மௌண்ட் ரோட்டில் நீல் துரையின் சிலையை அகற்றக் கோரி நடந்த சத்தியாக்கிரகத்தில், கடலூர் அஞ்சலை அம்மாள் தம் சிறு மகளையும் உடனழைத்துச் சென்று சிறைப்பட்டார். அவர் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்ஸி ராணிப் படையில், மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர். கேப்டன் லக்ஷ்மியை நாம் அறிவோம். அவருக்குப் பின்னால் அணிவகுத்து நின்றவர்களில் எத்தனை பேரை அறிவோம்? 1972இல் மத்திய சர்க்கார் தொடங்கிய தியாகிகள் பென்ஷன் திட்டத்தில், சிறைவாசம் ஆறு மாதம் என்றும், பெண்களுக்கு மூன்று மாதம் என்றும் விதி செய்தார்கள். நல்ல சலுகைதான். ஆனால் சிறைக்குப் போகாமல், வீட்டிலே நூல் நூற்றவள், தலைமறைவாய் வந்தவனுக்கு நடுநிசியில் சோறிட்டவள், கணவன் சிறையிலிருக்கக் குழந்தைகளைக் காப்பாற்றியவள்—இவர்களுக்கு எந்த ஜெயிலர் சீட்டு எழுதிக் கொடுப்பார்?

எங்கள் ஊரில் இன்னொரு சிரமமும் உண்டு. 1911இல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டபின் அதைச் சேர்ந்திருந்த திருத்தணி, 1953இல் ஆந்திர ராஜ்யத்தின் பகுதியாயிற்று, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1ஆம் தேதி தமிழ்நாட்டுடன் இணைந்தது. ஜில்லா எல்லை மாறியதே தவிர, சம்பந்த உறவு மாறவில்லை. தகப்பனார் வீடு இங்கே, தாயார் பிறந்த வீடு நகரியிலோ புத்தூரிலோ என்றிருக்கும் குடும்பங்கள் அநேகம். தாய்வழிக் கதையைத் தேடும் பெண், தெலுங்கில் பேசும் கிழவியிடம் போய் உட்காரவேண்டும். உட்காராவிட்டால் பாதி வம்சம் எல்லைக்கு அப்பாலேயே நின்றுவிடும்.

ஆகவே என் மாணவிகளுக்கு நான் சொன்ன யோசனையையே நேயர்களுக்கும் சொல்கிறேன். வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பாட்டிமார் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். தாய்வழியையும் தந்தைவழியையும் சமமாக எழுதுங்கள். என்ன குலம் என்று எழுதவேண்டாம். என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். பழைய கடிதம், பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட், பத்திரம் எது கிடைத்தாலும் அதன் விவரத்தைக் குறியுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய சர்க்கார்த் தஸ்தாவேஜுகள் இருக்கின்றன. ஆனால் அங்கே சென்று தேடுவதற்கும் முதலில் கையில் ஒரு பெயர் வேண்டுமே!

திருத்தணி மலைக்கு 365 படிகள். படித்திருவிழா நாளில் பக்தர்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுப் பூஜித்து ஏறுகிறார்கள். எந்தப் படியையும் விட்டுவிடுவதில்லை. தலைமுறைகளையும் அப்படித்தான் எண்ணவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘பெயர் தெரியாது’ என்று எழுதிய பெண், பத்து நாள் கழித்து என் மேஜையருகே வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை தாயாருடன் பஸ் ஏறி நகரிக்குப் போயிருந்தாளாம். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மைக் கிழவி, தெலுங்கில் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். இவள் அதைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். பழைய வரியை அடித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் பெயரை எழுதி, பக்கத்தில் “ராட்டையில் நூல் நூற்றார்” என்று திருத்தினாள்.

“நூற்பார்களாம்” என்றிருந்தது “நூற்றார்” என்றாயிற்று. அந்தத் திருத்தத்துக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்.