குறளும் மீநுண்ணும்

படவேட்டுத் தறியில் ஓடும் பட்டுநூலைப் பிரித்தால் கிடைக்கும் தனியிழையின் தடிமன் ஏறத்தாழ 10,000 நானோமீட்டர். ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர். 100 நானோமீட்டருக்கும் சிறிய உறுப்புகளால் மின்சுற்று அமைக்கும் துறையே நானோ மின்னணுவியல்.

‘நானோ’ என்னும் முன்னொட்டு, குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 1960இல் பன்னாட்டு அலகு முறையில் இடம்பெற்றது. 1974இல் ஜப்பானிய அறிஞர் நோரியோ தனிகுச்சி ‘நானோ தொழில்நுட்பம்’ என்னும் தொடரை உருவாக்கினார்.

தமிழில் குள்ளனைக் குறிக்கக் ‘குறள்’ என்னும் பழஞ்சொல் உண்டு. வாமனனைக் குறளன் என்றனர் முன்னோர். ‘குறள் மின்னணுவியல்’ என ஆக்கினால் வேர்ப்பொருள் பிசகாது. ஆயினும் குறள் என்றதும் வள்ளுவரன்றோ நம் நினைவுக்கு வருகிறார்! ‘மைக்ரோ’வை நுண் என்று வழங்குவதால், அதனினும் சிறியதை ‘மீநுண்’ என்பதே பொருந்தும்.