இரண்டு மாத வாடகைக்கு வந்த பந்துவீச்சாளர்

பேஸ்போலில் யூலை முடிவு கைமாற்றுக் காலம். பின்தங்கிய அணி விற்கும், முன்னேறும் அணி வாங்கும். 2015 யூலை 30இல் எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ், டிட்ரொயிட்டிடமிருந்து டேவிட் பிரைஸைப் பெற்றது. கொடுத்தது மூன்று இளம் இடதுகைப் பந்துவீச்சாளர்களை. "இது அநியாய விலை" என்றார்கள் சிலர். பிரைஸின் ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறதே! கணக்காளன் பார்வையில் இது சொத்தல்ல, வாடகை. ஆங்கிலத்திலும் 'ரென்டல்' என்றுதான் சொல்கிறார்கள்.

பிரைஸ் 9 வென்றார், 1 தோற்றார். 1993க்குப் பின் முதற்தடவையாக அணி பிளேஓவ் போனது. டிசம்பரிலேயே 21 கோடியே 70 இலட்சம் டொலருக்குப் பொஸ்ரன் அவரை எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்டால், 22 வருடம் காத்திருந்த ஊருக்கு அந்த வாடகை தகும். ஆனாலும் கொடுத்த மூவரில் ஒருவரான மத்தியூ பொய்ட், 2025இல் சிக்காகோ கப்ஸ் அணியிலிருந்து ஓல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தெரிவானார்.