படுக்கைக்கு முன் அரைக் கோப்பை மல்லித் தண்ணீர்

இருந்த இடத்தை இழந்த ஒரு குடும்பம் எவற்றைத் தேடுகிறது? ஒரு கூரை, ஒரு நேரச் சோறு, பிள்ளைகளுக்குப் பாடசாலை, தொலைந்துபோன அடையாள அட்டை, நட்டஈட்டுப் படிவம். இவை எல்லாம் எந்த உத்தியோகத்தரின் பட்டியலிலும் இருக்கும். எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத இன்னோர் இழப்பும் உண்டு. அது தூக்கம்.

1977 இலும் 1983 இலும் வன்செயலுக்குப் பயந்து தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன எம்மவர், அங்கே காடு வெட்டிக் காணி செய்தார்கள். போர் அவர்களை அங்கிருந்தும் துரத்தியது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. தப்பியவர்கள் பாடசாலையிலும் பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினார்கள். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பல இடங்களில் மலை சரிந்தது. லயத்தை இழந்தவர்களோடு, லீக்ஸும் கரட்டும் கிழங்கும் போட்டிருந்த தோட்டக் காணியை இழந்தவர்களும் வீதிக்கு வந்தார்கள்.

இத்தகைய குடும்பங்களோடு பேசும்போது நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "பகல் எப்படியோ போயிடுதுங்க, ராத்திரிதான் போக மாட்டேங்குது." தகரத்தில் மழை விழுந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஒரே மண்டபத்தில் பல குடும்பங்கள் படுத்தால் ஒரு பிள்ளை அழ எல்லோரும் விழிக்கிறார்கள். தூங்காதவர் மறுநாள் சரிவில் கால் வழுக்குவார். கத்தி கையில் பட்டுவிடும். பிள்ளையின் மேல் எரிந்து விழுவார்.

தூக்கம் வர வேண்டும் என்று எம்மவர் கையில் எடுப்பவை இரண்டு. பெண்கள் கையில் சாயத் தண்ணி. ஆண்கள் கையில் சாராயம் அல்லது கசிப்பு. இரண்டுமே தூக்கத்துக்கு எதிரிகள். ஏன் என்பதையும், இவற்றுக்குப் பதிலாக எதைக் குடிக்கலாம் என்பதையும் இங்கே பார்ப்போம்.

சாயத்தில் என்ன இருக்கிறது?

மலையகத்தில் முதலில் பயிரிட்டது கோப்பி. இலையில் விழுந்த பூஞ்சண நோய் அதனை அழித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பியும் தேயிலையும் உலகம் விழித்திருக்கக் குடிக்கும் பானங்கள். விழிப்பைக் கொடுப்பது இவற்றிலுள்ள கஃபீன் என்னும் பொருள்.

பகல் முழுவதும் வேலை செய்யும் உடலில், களைப்பை மூளைக்கு அறிவிக்கும் ஒரு பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது மூளையில் போய் அமரும்போது நமக்குத் தூக்கம் வருகிறது. கஃபீன் அந்த இடத்தில் முந்திக்கொண்டு அமர்ந்துவிடும். களைப்பு உடலை விட்டுப் போகவில்லை. அதன் செய்தி மாத்திரம் மூளைக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது.

நாம் கொய்யும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமான இளங்கொழுந்தில், முற்றிய இலையைவிடக் கஃபீன் கூடுதல். தூள் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாக அது தண்ணீரில் இறங்கும். எம்மவர் வீடுகளில் கொதிக்கும் பொடித் தூள் அந்த வகைதான். ஒரு கோப்பைத் தேநீரில் சாதாரணமாக 40 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். கடுஞ்சாயத்தில் இன்னும் கூடும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் கஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும். இரவு 8 மணிக்குக் குடித்த சாயத்தில் பாதி, இரவு 1 மணிக்கும் உடலில் இருக்கிறது. காலை 4 மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பெரட்டுக்குப் போகும் தாய்க்கு மிச்சம் எவ்வளவு? வளர்ந்தோருக்கு 7 மணித்தியாலமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். 4 மணிக்கு எழ வேண்டியவர் 9 மணிக்கே கண் மூடியிருக்க வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாரின் உடலில் கஃபீன் இன்னும் நீண்ட நேரம் தங்கும். சாப்பாட்டோடு குடிக்கும் சாயம் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதையும் தடுக்கிறது. இரத்தச் சோகை உள்ள பெண்கள் இராச் சாப்பாட்டோடு சாயத்தை விடுவதற்கு இது இன்னொரு காரணம்.

சாயத்தை அடியோடு விடச் சொல்லவில்லை. காலையில் குடியுங்கள், பத்து மணிக்குக் குடியுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பின் கேத்தலில் தூள் போட வேண்டாம்.

குடித்தால் வருவது தூக்கமா?

மது குடித்தவர் சீக்கிரமே சாய்ந்துவிடுகிறார். அதைப் பார்த்துத் தூக்க மருந்து என்று நினைக்கிறோம். இரவின் முதற்பாதியில் அது ஆளை அமுக்குகிறது. உடல் அதனைக் கரைத்து முடிக்கும் பிற்பாதியில் தூக்கம் துண்டு துண்டாகிறது. வியர்வை, தாகம், குறட்டை, நள்ளிரவு விழிப்பு எல்லாம் வரும். நினைவுகள் ஒழுங்காகும் கனவுத் தூக்கமும் குறைகிறது. ஆகவே மண்சரிவைக் கண்ணால் கண்டவர் அதை மறக்கக் குடித்தால், அந்தக் காட்சி மனதில் ஆறாமலே கிடக்கும். சில வாரங்களில் அதே தூக்கத்துக்கு இரண்டு மடங்கு வேண்டும்.

கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சுபவருக்கே தெரியாது. அதில் மெதனோல் கலந்துவிட்டால் கண் பார்வையும் உயிரும் போகும்.

இடம்பெயர்ந்தோருக்கு இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மழை இரவில் எழும்ப முடியாத ஆள், தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாத ஆள். தூக்க மாத்திரையை மதுவோடு சேர்த்தால் மூச்சே நின்றுபோகலாம். நமக்கு வேண்டியது, மனதை ஆற்றி, கூப்பிட்டால் விழிக்க விடும் ஒரு பானம்.

மல்லித் தண்ணீர் போடும் முறை

தடிமன் பிடித்தால் இஞ்சியும் மல்லியும் அவித்துக் குடிப்பது இந்நாட்டில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அறிந்த கைவைத்தியம். அதையே இஞ்சியைக் குறைத்து இரவுப் பானமாக்கலாம். நால்வருக்கு வேண்டியவை:

தண்ணீர் – 4 கோப்பை (சுமார் 800 மில்லிலீற்றர்)
கொத்தமல்லி – 1 மேசைக்கரண்டி
இஞ்சி – நகத்தளவு ஒரு துண்டு
ஏலக்காய் – 1 (இருந்தால்)
கித்துள் கருப்பட்டி அல்லது சீனி – சிறிதளவு

1. மல்லியைக் கல், தூசி நீக்கிக் கழுவி உலர்த்துங்கள். வெறுஞ்சட்டியில் வாசனை வரும்வரை இளஞ்சூட்டில் வறுங்கள். கருக விட்டால் கசக்கும்.

2. அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மாவாக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் வறுத்துத் தட்டி, மூடியுள்ள போத்தலில் வைத்துக்கொள்ளலாம்.

3. தண்ணீர் நன்றாகக் கொதித்த பின் மல்லி, தட்டிய இஞ்சி, ஏலக்காய் போட்டு, நாலு கோப்பை மூன்றாகும்வரை சிறு தீயில் வையுங்கள். முகாமிலும் புதிய குடியிருப்பிலும் ஊற்றுத் தண்ணீரை நம்ப முடியாது. இந்தக் கொதியில் அதுவும் சுத்தமாகிவிடும்.

4. வடித்து, கைபொறுக்கும் சூட்டில் குடியுங்கள். கருப்பட்டியைக் கரைக்க வேண்டியதில்லை. எம் பெரியவர்கள் உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு சாயம் குடித்ததுபோல, ஒரு சிறு துண்டைக் கடித்துக்கொண்டால் போதும்.

ஒருவருக்கு அரைக் கோப்பைக்குச் சற்று அதிகமாக வரும். அதற்கு மேல் வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே குடித்து முடியுங்கள். கழிப்பறை தூரத்தில் இருக்க, வெளிச்சமில்லாத பாதையில் ஒரு பெண்ணோ பிள்ளையோ இரவில் போக வேண்டி வருவது எவ்வளவு பயத்துக்குரியது என்பது உங்களுக்குத் தெரியும்.

பசித்த வயிறும் தூங்காது

இராச் சாப்பாடு குறைந்த வீட்டில் மல்லித் தண்ணீர் போதாது. 1930களில் பிரித்தானியாவில் ஹோர்லிக்ஸ் விளம்பரங்கள் 'இரவுப் பட்டினி' என்றொரு குறையைச் சொல்லி அந்த மாவை விற்றன. ஹோர்லிக் சகோதரர்கள் 1873 இல் சிகாகோவில் தொடங்கிய அந்த மால்ட் பானம், இன்று எம்மவர் வைத்தியசாலைக்கு நோயாளரைப் பார்க்கப் போகும்போது கையில் கொண்டுபோகும் போத்தல். விளம்பரத்தின் பெயர் எப்படியிருந்தாலும், பசித்தவருக்குத் தூக்கம் வராது என்பது எமக்குத் தெரிந்ததே. அதற்குப் போத்தல் வாங்க வேண்டிய அவசியமில்லை.

குரக்கன் மா 2 மேசைக்கரண்டியை அரைக் கோப்பைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். கொதிக்கும் 3 கோப்பைத் தண்ணீரில் ஊற்றி, பத்து நிமிடம் துழாவுங்கள். ஒரு சிட்டிகை உப்பு. பசுப்பாலோ பால்மாவோ இருந்தால் சிறிது சேருங்கள். வளரும் பிள்ளைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இது நல்லது.

கடைகளில் 'ரணவரா', 'பெலிமல்' என்று விற்பவை எமது ஆவாரம்பூவும் வில்வம்பூவும்தான். அவற்றில் கஃபீன் இல்லை. பொதியில் தேயிலை கலந்திருக்கிறதா என்று மட்டும் வாசித்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

மல்லித் தண்ணீர் தூக்க மருந்து அல்ல. மல்லி உறக்கம் தருகிறது என்று காட்டும் ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளில் நடத்தப்பட்டவை. எனினும் மூன்று நன்மைகள் உறுதி: அந்த நேரத்தில் சாயம் வயிற்றுக்குள் போகவில்லை, மது போகவில்லை, ஒரே நேரத்தில் குடும்பம் கூடி உட்கார்கிறது. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்தால் உடல் அந்த நேரத்தைப் பழகிக்கொள்ளும். வீடும் வேலையும் ஊரும் மாறிப்போன குடும்பத்துக்கு மாறாத ஒரு நேரம் பெரிய காரியம்.

நீரிழிவு உள்ளவர்கள் கருப்பட்டியையும் தவிர்க்க வேண்டும், அதுவும் சீனிதான். தண்ணீர் அளவைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்ன சிறுநீரக, இருதய நோயாளர் அந்த அளவுக்குள்ளேயே இதையும் கணக்கிட வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. பிள்ளை தூங்குவதற்காகச் சாதிக்காய் உரைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அளவு கூடினால் அது பெரியவர்களுக்கே நெஞ்சுப் படபடப்பையும் மனக் குழப்பத்தையும் கொண்டுவரும்.

குளிருக்காகத் தணல் சட்டியை மூடிய காம்பராவுக்குள் வைத்துத் தூங்குவது மிக ஆபத்து. அதன் நச்சுவாயுவுக்கு மணமில்லை. அது தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

மழை இரவுகளில்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று கட்டமாக விடுகிறது: விழிப்பாக இருத்தல், வெளியேற ஆயத்தமாதல், வெளியேறுதல். வெளியேறச் சொன்ன இரவில் தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம், உடனே புறப்படுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, புதிதாகக் கிளம்பும் ஊற்று, சாய்ந்த மரம் கண்டால் அறிவித்தல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மற்ற மழை இரவுகளில் எல்லோரும் விழித்திருந்து எல்லோரும் சோர்ந்துபோவதில் பயனில்லை. லயத்துக்கு இருவர் வீதம் முறை வைத்து, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாறிக் காவலிருங்கள். காவலிருப்பவருக்குச் சாயம், தூங்கப் போகிறவருக்கு மல்லி. ஒருவர் விழித்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் மற்றவர்கள் பயமில்லாமல் கண் மூடுவார்கள்.

ஒரு மாதத்துக்கு மேலாகத் தூக்கம் இல்லை, அதே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருகிறது, வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் எழுகிறது என்றால் இது பானத்தால் தீரும் காரியம் அல்ல. அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926 க்குப் பேசுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. கால் முறிந்தால் வைத்தியரிடம் போகவில்லையா?

மாதர் சங்கத்திலும் குடும்பத்திலும் கலந்துரையாட

1. எங்கள் வீட்டில் கடைசிச் சாயம் எத்தனை மணிக்கு? யாருக்காகப் போடுகிறோம்?

2. இரவில் குடித்துவிட்டு வரும் ஒருவரைக் குறை சொல்வதற்கு முன், அவர் எதை மறக்கக் குடிக்கிறார் என்று கேட்டிருக்கிறோமா?

3. எங்கள் குடியிருப்பில் இரவில் கழிப்பறைக்குப் போகும் பாதைக்கு வெளிச்சம் உண்டா? இல்லையெனில் யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது?

4. அடுத்த மழைக்கு முன் காவல் முறையை யார் எழுதி வைப்பது?